நுணாவும் வாசலில் நின்றவளும்

ஒரு மேஜை மேல் நான்கு பேர் குடியிருந்தார்கள். திண்டுக்கல்லில் ஒரு மாடி வீடு, அதில் ஜன்னலை ஒட்டிப் போட்ட மேஜை அது. நால்வரில் ஒருவன் மைக். இன்னொருவன் கத்தரி. துணி வெட்டுகிற கத்தரி இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு வீடியோவில் வேண்டாத இடங்களை வெட்டி எறிகிறவன். மூன்றாவது ஆள் நுணா. நான்காவது ஆள் பிழை.

நுணா ஒரு மொழி. நாம் பேசிக்கொள்கிற மொழி அல்ல, கம்ப்யூட்டருக்கு இதைச் செய், அதைச் செய் என்று வேலை சொல்கிற மொழி. அந்த இனத்தில் பெரிய மொழிகள் சிலர் உண்டு. அவர்களைச் சொல்லித்தரத் தெருவுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, பஸ்ஸின் பின்பக்கம்கூட விளம்பரம் ஒட்டியிருக்கிறது. நுணாவுக்கு அதெல்லாம் கிடையாது. அவளை உண்டாக்கிப் பராமரிக்கிறவர்களே ஏழெட்டுப் பேர்தான். அவர்களும் வேறு எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் அவளைக் கவனிப்பவர்கள். ஆனாலும் நல்லவள். மற்ற மொழிகளிடம் ஒரு பக்கம் எழுதிக் கெஞ்ச வேண்டிய வேலையை அவள் நாலு வரியில் முடித்துக் கொடுத்துவிடுவாள்.

பிழையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரிடம் நாம் தப்பாக ஏதாவது கேட்டுவிட்டால் உடனே வந்து நிற்பாள். சிவப்பு எழுத்தில், முகத்துக்கு நேராக, இன்னது சரியில்லை என்பாள். குழைந்து பேச வராது. அவளைக் கண்டாலே எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் இருக்கிற வீடெல்லாம் கூப்பிடாமலே போய் வருகிறவள் அவள். நுணாவோ கூப்பிட்ட வீட்டுக்குத்தான் போவாள்.

மேஜைக்குச் சொந்தக்காரர் திருமாறன். ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. எட்டு வருஷமாக நுணாவோடு பழக்கம், அவள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஒன்றுமே தெரியாதவர்களும் அவளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, பாடம் பாடமாகப் பேசிப் படம் எடுத்து யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் எடுப்பார். தெரு அடங்கியிருக்கும். மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்திவிடுவார். ஓட்டுக் கூரை வெக்கையில் ஆள் வெந்துபோவார், பாவம். மின்விசிறிக்கு அதில் வருத்தம் உண்டு. "வருஷத்தில் எட்டு மாசம் என்னைத்தான் நம்பிக் கிடக்கிறார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் மட்டும் நான் ஆகாதவன்" என்று மேலே இருந்து முணுமுணுக்கும்.

பேசிக்கொண்டே அடிக்கும்போது திருமாறனுக்கும் நடுவில் கை தவறும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போகும். உடனே சிவப்பாகப் பிழை வந்து நிற்பாள்.

"ச்சே" என்பார் திருமாறன். சரிசெய்துவிட்டு மறுபடி பேசுவார்.

சாயங்காலம் கத்தரி வேலையைத் தொடங்குவான். கீழே குக்கர் விசில் அடித்த இடத்தை வெட்டுவான். இருமலை வெட்டுவான். பிழை வந்து நின்ற இடத்தை, அவள் முந்தானைகூடத் தெரியாதபடி வெட்டுவான்.

"பார், எவ்வளவு சுத்தம்" என்று மைக்கிடம் காட்டுவான். "மனிதர் ஒரு தடவைகூடத் தடுமாறாத மாதிரி இருக்கிறதா இல்லையா?"

"தடுமாறினாரே. நான் கேட்டேன்" என்பான் மைக்.

"நீ கேட்டது உன்னோடு இருக்கட்டும். ஜனங்கள் கேட்க வேண்டியதை நான்தான் முடிவு பண்ணுவேன்."

ஒதுக்குப்புறமாக நிற்கும் பிழை அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பழகிப்போன அவமானம்.

வீடியோக்களை ஜனங்கள் பார்க்கத்தான் செய்தார்கள். "அருமை", "தெளிவு", "சூப்பர் சார்" என்றெல்லாம் கீழே எழுதினார்கள். ஆனால் நுணாவை ஒருவரும் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவளை வைத்து ஒரு சின்ன வேலைகூட யாரும் செய்து காட்டவில்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை வந்தது. நுணா தினமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் திருமாறனின் போன் அடித்தது. நுணாவைப் பராமரிக்கிறவர்களில் மூத்தவரான பால்துரை பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மேஜை முழுக்கக் கேட்டது.

"தம்பி, எங்களுக்கும் வயசாகுது. கண்ணுல புரை. போன வருஷம் ரெண்டு பேர் விலகிட்டாங்க, தெரியும்ல. யாருக்காக இதக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறோம்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?"

"அண்ணே, பாடம் போட்டுக்கிட்டுத்தான இருக்கேன். பாக்குறாங்கண்ணே."

"பாக்குறவன் நெறைய இருப்பான் தம்பி. ஜவுளிக்கடை வாசல்லகூடத்தான் கூட்டமா நின்னு பாக்குறான். உள்ள வரணும்ல. தை முடியட்டும். புதுசா ஒரே ஒரு ஆளு, நுணாவ வச்சு ஏதோ ஒண்ணு செஞ்சு காட்டட்டும். நாங்க தொடர்றோம். இல்லன்னா பூட்டிருவோம். வருத்தப்படாத."

திருமாறன் போனை வைத்தார். பிறகு எழுந்து கீழே போய்விட்டார்.

நுணாவுக்குக் கை கால் ஓடவில்லை. "பூட்டினால் நான் எங்கே போவேன்?" என்றாள்.

"எங்கேயும் போக மாட்டாய்" என்றான் மைக். அவனுக்குப் பொய் சொல்லி வராது. "புதுக் கம்ப்யூட்டர்கள் வரும். உன்னை யாரும் அதற்கேற்ற மாதிரி திருத்தி வைக்க மாட்டார்கள். ஒருநாள் கூப்பிட்டால் உன்னால் எழுந்து வர முடியாது."

"என்னிடம் என்ன குறை? ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை?"

"உன்னிடம் குறை இல்லை, ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்றான் கத்தரி. "நான் எவ்வளவு அழகாக வெட்டிக் கொடுக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வது?"

ஒதுக்குப்புறத்திலிருந்து பிழை வாயைத் திறந்தாள். "கூப்பிடுகிறார்கள்."

மூவரும் திரும்பினார்கள்.

"தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள். நேற்றுக்கூட வாணியம்பாடியில் ஒருவர், ஓசூரில் ஒருவர். முதல் பாடத்தில் திருமாறன் சொல்கிற மாதிரியே உன்னை இணையத்திலிருந்து இறக்கி வைக்கிறார்கள். அவர் சொல்கிற மாதிரியே கட்டளை எழுதுகிற கறுப்புத் திரையில் உன் பேரை அடிக்கிறார்கள். நீ வருவதில்லை. நான்தான் வருகிறேன். 'நுணா என்று இங்கே யாரையும் தெரியாது' என்கிறேன். அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லச் சொல்கிறது. நான் என்ன செய்ய?"

"பொய்" என்றான் கத்தரி. "இந்த மேஜையில் ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை."

"இந்த மேஜையில் ஆகாது. மற்ற எல்லா இடத்திலும் ஆகிறது. எல்லோரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்."

"அப்படியென்றால் ஏன் ஒருவரும் கேட்கவில்லை? கீழே எழுதலாமே."

பிழை கத்தரியின் பக்கம் திரும்பினாள். "உன்னால்தான்" என்றாள். "வீடியோவில் ஒரு இடத்திலாவது என் முகத்தை விட்டு வைத்தாயா? அவர் அடிக்கிறார், நுணா வருகிறாள், அடிக்கிறார், வருகிறாள். இவர்கள் அடித்தால் நான் வந்து நிற்கிறேன். உடனே அவர்கள் முகம் எப்படிப் போகிறது தெரியுமா? நமக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது, இது நம் மண்டைக்கு ஏறாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போகிறபோது 'சூப்பர் சார்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். வாத்தியார் மனசு நோகக் கூடாதாம்."

"இதை அவரிடம் சொல்" என்று நுணா கெஞ்சினாள்.

"நான் சொல்லி யார் கேட்டார்கள்? நான் வந்தாலே ச்சே என்கிறார்."

கீழே வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. திருமாறனின் மனைவி மங்கை, பத்திர எழுத்தர் ஒருவரிடம் டைப் அடிக்கிற வேலையில் இருப்பவள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திருமாறன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். "வீடியோ எல்லாத்தையும் அழிச்சிர வேண்டியதுதான். யாருக்கும் ஆசையே இல்ல. ஆசை இல்லாதவங்ககிட்ட மல்லுக்கட்டி என்ன ஆகப்போகுது?"

மங்கை கீரைத் தண்டை உடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீகூடத்தான் பாத்த. நல்லாருக்குன்னு சொன்ன. அதோட சரி. உனக்கே கத்துக்கணும்னு தோணல பாரு."

"தோணாமலா இருந்துச்சு?"

"பின்ன?"

"ஏங்க, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது." கீரையைத் தட்டில் வைத்துவிட்டாள். "மூணு தடவ ஒக்காந்தேன். நீங்க மில்லுக்குப் போனப்புறம், என் லேப்டாப்ல. நீங்க சொன்னத சொன்னபடி செஞ்சேன். வரல. ஏதோ செவப்பா எழுதி வந்துச்சு. பத்தாவதோட நின்னவளுக்கு இது எதுக்குன்னு மூடி வச்சுட்டேன்."

"என்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"எப்படிக் கேக்குறது? நீங்க வீடியோல தண்ணி பட்ட பாடா அடிச்சுத் தள்ளுறீங்க. அதுல ஒண்ணுமே வராம போனா தப்பு யாரு மேல? கேட்டா நீங்க 'இதுகூட வரலையா'ன்னுவீங்க."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"காஸ் சிலிண்டர் மாத்தத் தெரியலன்னு சொன்னப்ப சொன்னீங்க."

திருமாறன் எழுந்தார். "லேப்டாப்ப எடுத்துக்கிட்டு மேல வா" என்றார்.

மங்கை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, முதல் பாடத்தை ஓட விட்டாள். ஒவ்வொன்றாகச் செய்தாள். கடைசியில் கறுப்புத் திரையில் நுணாவின் பேரை அடித்தாள்.

பிழை வந்து நின்றாள்.

"பாத்தீங்களா" என்றாள் மங்கை. குரல் இறங்கிப்போயிற்று.

"இது வராதே. நீ என்ன பண்ணின?"

"நீங்க சொன்னதத்தான் பண்ணினேன். பக்கத்துலதான இருக்கீங்க."

இம்முறை திருமாறன் ச்சே என்று சொல்லவில்லை. சிவப்பு எழுத்தைக் குனிந்து படித்தார். இத்தனை வருஷத்தில் அவர் பிழையின் முகத்தை நின்று பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். 'நுணா என்று இங்கே யாரையும் தெரியாது.' மறுபடியும் படித்தார். தன்னுடைய கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தேடினார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அட, அட்ரஸ்" என்றார்.

"என்ன அட்ரஸ்?"

"நுணாவ எறக்கி வச்சா மட்டும் போதாது. அவ இந்த எடத்துல இருக்கான்னு கம்ப்யூட்டர்கிட்ட ஒரு தடவ சொல்லி வைக்கணும். சொல்லலன்னா, புதுசா குடிவந்தவங்கள பக்கத்து வீட்ல வெசாரிச்ச மாதிரிதான், தெரியாதுன்னுரும். நான் என் மெஷின்ல எட்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னேன். அதுக்கப்புறம் சொல்ல வேண்டிய தேவையே வரல. அப்படி ஒண்ணு இருக்குன்னே மறந்துபோச்சு."

"அப்ப எனக்கு மண்டை இருக்கு."

"இருக்கு. எனக்குத்தான் கொஞ்சம் குறைவு."

அவர் சொல்லச் சொல்ல அவள் அந்த அட்ரஸைப் பதிந்தாள். மறுபடி பேரை அடித்தாள். பிழை ஓர் எட்டு விலகி வழிவிட, நுணா முதன்முதலாகப் புது ஆள் ஒருத்தியின் கம்ப்யூட்டருக்குள் காலெடுத்து வைத்தாள். திரையில் 'வணக்கம், மங்கை' என்று எழுதி நின்றாள். மங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கீரை வாடிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவே இல்லை.

"நீ உள்ள வந்துட்ட. பால்துரை அண்ணன்கிட்ட சொல்லிரவா?" என்றார் திருமாறன்.

"சும்மா இருங்க. சொந்தப் பொண்டாட்டியக் காட்டி கணக்கு முடிக்கவா? இந்தப் பாடத்த மொதல்ல இருந்து எடுங்க. என் லேப்டாப்ல எடுங்க."

எடுத்தார்கள். பதிந்த அட்ரஸை அழித்துவிட்டுப் பேரை அடித்ததும் பிழை வந்தாள். திருமாறன் நிதானமாக அந்த எழுத்தை வாசித்துக் காட்டினார். "இது உங்களுக்கும் வரும். எல்லாருக்கும் வரும். என் மனைவிக்கு மூணு தடவ வந்துச்சு" என்றார். வழியைச் சொன்னார்.

சாயங்காலம் வெட்டுகிற நேரம். திருமாறனின் கை பழக்க தோஷத்தில் பிழை நின்ற இடத்துக்குப் போயிற்று. கத்தரி வாயைத் திறந்து தயாராக இருந்தான்.

மங்கை அவர் கையைப் பிடித்தாள். "அத ஏன் எடுக்குறீங்க? நான் நின்ன எடமே அதுதான?"

கை நின்றது. "என் மானம் போயிற்று" என்றான் கத்தரி மைக்கிடம். "இதைப் பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

"உன்னை யாருக்கும் தெரியாது" என்றான் மைக். "நீ நன்றாக வேலை செய்தால் உன்னைத் தெரியாது என்று நீயேதான் பெருமை அடித்துக்கொள்வாய்."

புதிய பாடம் வெளியானது. முதலில் வந்த பதில்கள் நல்லதாக இல்லை. "சாருக்கே வரல போல" என்று ஒருவர் சிரித்திருந்தார். "தயார் பண்ணிட்டு வந்து சொல்லிக்கொடுங்க, எங்க நேரத்த வீணாக்காதீங்க" என்று இன்னொருவர். முன்பு சூப்பர் என்று எழுதியவர்கள் பலரைக் காணோம். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். கத்தரி ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தான். நுணா போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மார்கழி முழுக்க அப்படியே போயிற்று. திருமாறன் மட்டும் வாரம் தவறாமல் பாடம் எடுத்தார். பிழை வந்தால் வரட்டும் என்று விட்டார். மங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, எனக்கே புரியல" என்பாள். அதையும் வெட்டவில்லை.

தை பிறந்து, பொங்கல் கழிந்து, கரும்புச் சக்கையை வாரிக் கொட்டியபிறகு ஒரு செய்தி வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து சபுரா என்ற பெண் அனுப்பியிருந்தாள். திருமாறன் மங்கைக்குப் படித்துக் காட்டினார்.

"சார், நீங்க காட்டுன அதே செவப்பு எழுத்து எனக்கும் வந்துச்சு. நீங்க செஞ்ச மாதிரியே செஞ்சேன், போயிருச்சு. எங்க தெருவுக்கு ஒம்பது நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுவாங்க. எந்தத் தேதின்னு வீட்ல தினம் சண்டை. அதுக்காக நுணால ஒரு புரோகிராம் எழுதினேன். ஜனவரி பூரா சரியா சொல்லுச்சு, தெருவே என்கிட்டதான் தேதி கேக்குது. பிப்ரவரிக்குக் கேட்டா முப்பதாம் தேதி தண்ணி வரும்ங்குது. என் தப்புதான்னு மாத்தி மாத்தி எழுதிப் பாத்தேன். இல்ல சார். தப்பு நுணா மேலதான் இருக்கு. யாருகிட்ட சொல்லணும்?"

மங்கை சிரித்துவிட்டாள். "பிப்ரவரி முப்பதாந் தேதி தண்ணி வரும்னா, பாத்திரத்த எப்பக் கழுவுறது?"

திருமாறன் தானும் நுணாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். நுணா கொஞ்சமும் கூசாமல் பிப்ரவரி முப்பது என்றாள். உடனே பால்துரைக்குப் போன் போட்டார்.

"அப்படி இருக்காதே தம்பி" என்றார் பால்துரை. "அந்தப் பொண்ணு ஏதாவது தப்பா அடிச்சிருக்கும்."

"நானும் ஒரு தடவ இப்படித்தாண்ணே சொன்னேன். நீங்களே கேட்டுப் பாருங்க."

அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு.

"ஆமா. நான் எழுதுன கணக்குத்தான். தேதியக் கூட்டிப் போற எடத்துல மாசத்துக்கு எத்தன நாளுன்னு பாக்க மறந்திருக்கேன். இத்தன வருஷமா யாரு கண்ணுலயும் படல." பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. "யாரு தம்பி அந்தப் பொண்ணு? எனக்கு அதோட நம்பர் வேணும். சரி பண்ணிட்டு நானே சொல்றேன். மத்தவங்களையும் கூப்பிடணும், ஒரு ஆளு செய்யிற வேலை இல்ல இது. பூட்டுற பேச்ச இப்ப எடுக்க முடியாது. பிப்ரவரி வந்துரும், அதுக்குள்ள முடிக்கணும்."

மேஜை மேல் நுணா முகம் சிவந்து நின்றாள். "என் மேலா தப்பு?" என்றாள் பிழையிடம். "இவ்வளவு வருஷமாக ஒருவர்கூடச் சொல்லவில்லையே."

"இவ்வளவு வருஷமாக உன் ஆட்கள் அதே இரண்டு அறையில்தான் புழங்கிக்கொண்டிருந்தார்கள்" என்றாள் பிழை. "மற்றவர்கள் வாசலிலேயே திரும்பிப் போனார்கள். எங்கே ஒழுகுகிறது என்பது உள்ளே வந்து பாய் விரித்தவளுக்குத்தான் தெரியும்."